பாலத்தடியில் சிக்கிய கல்யாண மாலைகள்

காவிரியில் தண்ணீர் வராத வருஷங்களில் தில்லைநகர்க்காரர்கள் ஆடிப்பெருக்கை டாக்டர் அமிர்தகடேசனின் பல் ஆஸ்பத்திரியில்தான் கொண்டாடுவார்கள். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியம் ஒன்று மாட்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவரோ வெள்ளைக்காரர் வரைந்தது. அதில் ஆர்னோ நதி இரு கரையும் தொட்டு ஓடுகிறது. மனுஷர் தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனமே காட்டவில்லை. பல் பிடுங்க வந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்து, சித்ரான்னம் வைக்க இடம் கொடுப்பார்கள்.

நித்திலாவுக்கு இது தலை ஆடி. கணவன் செழியனோடு, பத்திரப்படுத்தியிருந்த கல்யாண மாலைகளைக் கொண்டுவந்திருந்தாள். அவை தண்ணீரோடு போய்விட வேண்டும், எங்காவது தேங்கினால் குடித்தனமும் தேங்கும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். ஓவியத்தின் சட்டத்துக்குள் கையை நீட்டி மாலைகளை ஆற்றில் விட்டாள். அவை ஒய்யாரமாகப் போய்ப் பாலத்துத் தூணில் சிக்கி நின்றுவிட்டன. நித்திலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாலத்துக்கு அருகே ஒரு படகோட்டி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். காதல் தோல்வி என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அண்ணே, அந்த மாலையைக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன்."

"எங்கம்மா தள்ளுறது? கடவாப்பல்லு உயிர் போகுது. எதிர்லயே டாக்டர் இருந்தும் எனக்கொரு டோக்கன் குடுக்க நாதியில்ல." திருச்சியில் வெகுகாலம் தொங்கியதால் அவன் தமிழில் ஒரு குறையுமில்லை.

முதல் டோக்கன்காரர் வீங்கிய தாடையோடு எழுந்து, தன்னுடையதைக் கொடுத்தார். டாக்டர் ஸ்டூல் போட்டு ஏறி, குறடும் கையுமாகத் தோள்வரை ஓவியத்துக்குள் நுழைந்தார்.

"ஆ காட்டுங்க. இன்னும் பெருசா."

பல் வந்தது. டாக்டரின் சட்டைக் கையில் கொஞ்சம் வானம் ஒட்டியிருந்தது. படகோட்டி வாயில் பஞ்சைக் கடித்தபடி துடுப்பால் ஒரு தள்ளு தள்ளினான். மாலைகள் பாலத்தைக் கடந்து, மாதா கோயில் கோபுரத்தின் நிழலைத் தாண்டி, சட்டத்துக்கு வெளியே போயின. நித்திலா கைதட்டிச் சிரித்தாள்.

சாயங்காலம் இருவரும் அம்மாமண்டபம் போய்க் காவிரி மணலைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கொம்புப் பக்கமிருந்து, மணலுக்கு மேலே ஆடி அசைந்து, இரண்டு மாலைகள் மிதந்து வந்தன. இந்த ஊரில் பூக்காத பூக்கள்.

"அங்கயும் யாருக்கோ தலை ஆடி போல" என்றாள் நித்திலா.

ஒரு மாலை மணல்மேட்டில் சிக்கி நின்றது. செழியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், அதை மெல்லத் தள்ளிவிட்டான். கரையேறியபோது இடுப்பளவு நனைந்திருந்தான். நித்திலா அவன் வேட்டி நுனியைப் பிழிந்துவிட்டாள்.