பெயரில்லாத ஐம்பத்தொன்பது

லைன்பேக்கர்களைப் பற்றிப் பேசும் நாள் எங்கள் அலுவலகத்தில் சண்டை இல்லாமல் முடிந்ததே கிடையாது. அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தைக் கையில் ஏந்தி வருகிறவனைத் தேடிப் போய் மோதிச் சாய்க்கிறவன் லைன்பேக்கர். அவனை எடைபோட உட்காருகிறவர்களுக்கும் அந்தக் குணம் தொற்றிக்கொள்ளுமோ என்னவோ.

இந்த வருஷம் அது ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. டிராஃப்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. முப்பத்திரண்டு அணிகளும் வரிசை வைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும் அந்த மூன்று நாளுக்காகத்தான் நாங்கள் வருஷம் முழுவதும் நாயாக அலைகிறோம். என் பெயர் ஹாலிஸ் ப்ரூவர். தென்மாநிலங்களில் ஆள் தேடும் ஸ்கவுட். வயது ஐம்பத்தேழு, முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை காரில்தான் குடித்தனம்.

டீன் கெசிங்கருக்கு அந்த அலைச்சல் கிடையாது. நாங்கள் எழுதி அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது அவன் வேலை. இருட்டறையில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டி, நான் எட்டு மாதம் பார்த்த பையனை எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். நாலு வருஷத்துக்கு முன் அலபாமாவில் நான் கண்டெடுத்த ஒருத்தனைக் கால் கனம், வேகம் போதாது என்று சொல்லித் தள்ளினான். அந்தக் கால் கனத்தவன் இன்று எதிரணியில் இருந்துகொண்டு எங்கள் ஆட்களை மல்லாத்துகிறான். கெசிங்கர் அதைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவனுக்கும் அப்படித்தான்.

கூட்டம் நடக்கும் அறையில் ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு காந்த அட்டை. பெயர், உயரம், எடை, கல்லூரி, நாங்கள் கொடுத்த மதிப்பெண். மேல் வரிசையில் இருப்பவனை முதல் சுற்றில் எடுப்போம், கீழே போகப் போகக் கடைசிச் சுற்று. அட்டையில் கறுப்புப் பொட்டு விழுந்தால் குணக்கேடு. சிவப்புப் பொட்டு விழுந்தால் உடம்பில் கோளாறு, அவன் எங்கள் அணிக்கே வேண்டாம். எங்கள் அணியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தன் பெயரை முதலில் கொண்டுவந்த ஸ்கவுட்தான் அவன் அட்டையைத் தன் கையால் பலகையில் ஒட்ட வேண்டும். அட்டையை எடுக்க வேண்டி வந்தாலும் அதே ஆள்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

நான் மூன்றாவது வரிசையில் ஒட்டியிருந்த அட்டை ஜெரெல் ஓடம் என்ற பையனுடையது. லூசியானாவின் சதுப்பு நிலத்துப் பக்கம், பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கல்லூரி. மற்ற அணிகளின் ஸ்கவுட்டுகள் ஒரு தடவை வந்து, மைதானத்தின் லட்சணத்தைப் பார்த்து, இறால் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஆறு தடவை போனேன். எதிரணிக்காரன் பந்தை எங்கே கொடுக்கப்போகிறான் என்று ஜெரெலுக்கு அரை விநாடி முன்பே தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நாங்கள் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவனைச் சீந்த ஆளில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் முறை வந்தது. மொத்தப் பொறுப்பும் வார்ட் லிண்ட்க்விஸ்டுடையது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதில் அவர் சொன்னதுதான் முடிவு. நான் என் அறிக்கையைப் படித்து முடித்தேன். கெசிங்கர் அவனுடையதைப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினான். நவம்பரில் நடந்த பெரிய ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதியில் ஐம்பத்திரண்டாம் எண் சட்டை, அதாவது ஜெரெல், வெளியே போனவன் திரும்பி வரவே இல்லை, ஆட்டம் கையை விட்டுப் போகும்போது ஒதுங்கிக்கொண்டான், இவனை நம்பிப் பக்கத்தில் நிற்க முடியாது என்று எழுதியிருந்தான். கறுப்புப் பொட்டு வைக்க வேண்டும் என்றும் கேட்டான். கறுப்புப் பொட்டு விழுந்தால் மூன்றாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசைக்கு இறங்க வேண்டியதுதான்.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆறாம் வரிசை என்றாலும் பலகையில் இருந்திருப்பான். ஆனால் கெசிங்கர் அதோடு விடவில்லை. என் அறிக்கையைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

"நாலாவது கால்பகுதியில நாலு பேரைச் சாய்ச்சான்னு பெரியவர் எழுதியிருக்காரு. மைதானத்துலயே இல்லாத ஆளு எப்படிச் சாய்ச்சான்? அன்னிக்கு நல்ல மழை. பெரியவர் கார்ல ஹீட்டரப் போட்டுக்கிட்டு ஒரு தூக்கம் போட்டிருப்பாரு."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. முப்பது வருஷத்தில் நான் பார்க்காத ஆட்டத்தைப் பார்த்ததாக ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்றைக்கு மூன்று மணி நேரம் கோட்டோரமாக மழையில் நின்றேன். ஷூவுக்குள் தண்ணீர், ஒரு வாரம் காய்ச்சல். இவன் என்னைப் பொய்யன் என்கிறான்.

"மழையில நின்னது நான், தம்பி. நீ உக்காந்திருந்தது நாற்காலியில," என்றேன். "வீடியோவப் போடு. நாலாவது கால்பகுதி. நீயே போடு."

அன்று நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். மூன்றாம் கால்பகுதியில் ஜெரெலின் ஹெல்மெட் பின்னுக்குத் தள்ளப்பட்டு மூக்கு உடைந்தது. சட்டையெல்லாம் ரத்தம். ரத்தச் சட்டையோடு விளையாடக் கூடாது என்பது கல்லூரி விதி. பெரிய கல்லூரியாக இருந்தால் அதே எண்ணில் இன்னொரு சட்டை தயாராக இருக்கும். இவர்களிடம் இருந்தது தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரே ஒரு சட்டைதான். ஐம்பத்தொன்பது. முதுகில் பெயர் கிடையாது. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அதை மாட்டிக்கொண்டு திரும்பப் போனான். அந்தக் கல்லூரியின் வீடியோவும் அப்படித்தான். கம்பத்தின் மேலிருந்து எடுத்தது. சத்தம் இல்லை, பெயர் இல்லை, எண் மட்டும் தெரியும். கெசிங்கர் ஐம்பத்திரண்டைத் தேடினான், காணோம், எழுதிவிட்டான்.

இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்பதை மறைக்கவில்லை. கெசிங்கர் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், ஐம்பத்தொன்பது அவன்தான் என்பதற்கு என்ன சாட்சி, யாரோ மாற்று ஆளாக இருக்கலாமே என்றான். நான் காத்திருந்த கேள்வி அதுதான்.

"இடது கையப் பாருங்க," என்றேன். "மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் கறுப்பு டேப்பு. அந்த டீம்ல வேற எவனும் அப்படிக் கட்ட மாட்டான். நம்பர விடுங்க. எல்லாரும் அந்தக் கையையே பாருங்க."

அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

முதல் மோதல். ஐம்பத்தொன்பது இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, பந்தோடு வந்தவனை இடுப்பில் பிடித்துத் தரையில் அடித்தான். இரண்டாவது அதைவிட நன்றாக இருந்தது. மூன்றாவதில் தலை குனிந்து, தோளைக் கொடுத்து மோதினான். வந்தவன் பின்னால் பறந்தான். கறுப்பு டேப்பு அத்தனை மழையிலும் தெளிவாகத் தெரிந்தது. வார்ட் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் அட்டை மேலே ஏறும் என்று அர்த்தம். நான் கெசிங்கரைப் பார்த்துச் சிரித்தேன். என்ன தம்பி, ஹீட்டர் போட்டுக்கொண்டு தூங்கினது யார் என்று கேட்டேன்.

அறையின் மூலையிலிருந்து டாக்டர் ஃபான்டெய்ன் பேசினார். அணியின் எலும்பு மருத்துவர். காலையிலிருந்து வாய் திறக்காமல் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த அம்மா.

"அந்த மூணாவது இன்னொரு தடவ போடுங்க. அவன் எழுந்திரிக்கிறதுலேர்ந்து."

கெசிங்கர் போட்டான். ஐம்பத்தொன்பது எழுந்தான். வலது கையை ஊன்றி எழுந்தான். இடது கை தோளிலிருந்து தொங்கியது. ஈரத்துணி மாதிரி தொங்கியது. அவன் எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வலது கையால் அதைப் பிடித்து உதறினான். ஒருமுறை, இருமுறை. பிறகு வரிசையில் போய் நின்றுகொண்டான். டாக்டர் நாலாவதையும் போடச் சொன்னார். அதிலும் மோதல், அதிலும் தொங்கிய கை. இந்தத் தடவை உதற இன்னும் அதிக நேரம் பிடித்தது.

நான் அதை அன்றைக்கே பார்த்திருந்தேன். அவனிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். குளிரில் கை விறைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதை மட்டும் அறிக்கையில் எழுதாமல் விட்டேன். குளிர் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், நம்ப வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

"இது கை இல்ல, கழுத்து நரம்பு," என்றார் டாக்டர். "ஒரே ஆட்டத்துல ரெண்டு தடவ கை செத்துப் போயிருக்கு. போன மாசம் உடம்புப் பரிசோதனையில நானே கேட்டேன், கை மரத்துப்போனது உண்டான்னு. இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கான். அடுத்த தடவ கை திரும்பி வராமலே போகலாம்."

ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஸ்கேன் எடுக்க நாள் இருக்கிறது, ஆனால் பொய் சொன்னவனுக்காக மூன்றாம் சுற்றை நான் வீணாக்க மாட்டேன் என்றார் வார்ட். பிறகு, கோபமே இல்லாமல் என்னிடம் கேட்டார்.

"நீ அங்க இருந்தே, ஹாலிஸ். நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை என்றால் குருடன். பார்த்தேன் என்றால் மறைத்தவன். மழை அதிகமாக இருந்தது என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மழையில் நின்றதைப் பற்றித்தான் அவ்வளவு நேரம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

கெசிங்கர் என்னை நக்கலடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன். அவன் பேனாவை எடுத்துத் தன் அறிக்கையின் கடைசி வரியை அடித்தான்.

"ஒதுங்கிக்கிட்டான்னு எழுதினது தப்பு. அவன் ஒதுங்கல. நான் மாத்திட்டேன்," என்றான்.

அதை அவன் நேர்மையாகத்தான் சொன்னான். அது எனக்கு இன்னும் கசந்தது. கறுப்புப் பொட்டு போய்விட்டது, சிவப்புப் பொட்டு வந்துவிட்டது.

வார்ட் பலகையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்து போய் மூன்றாவது வரிசையிலிருந்து ஜெரெல் ஓடமை என் கையால் எடுத்தேன். முழங்கால் வலித்ததால் மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. என் நாற்காலிக்குத் திரும்பி வருவதற்குள் அடுத்த பெயரைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நாலரை மணிக்கு வாகன நிறுத்தத்தில், காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலிலும் ஏரிப் பக்கமிருந்து பனி தூறியது. ஜெரெலிடமிருந்து போன். பலகையில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது, எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன். பின்னால் இரும்புத் தட்டுகள் மோதும் சத்தம், உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தான்.

"சார், இன்னிக்குத்தானே லைன்பேக்கர்ங்க முறை? என்னப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினேன்."

"சண்ட போட்டீங்களா?" என்று சிரித்தான். என் குணம் அவனுக்குத் தெரியும்.

"போட்டேன். ஜெயிச்சேன்."

அவன் யாரிடமோ திரும்பி ஏதோ கத்தினான், சந்தோஷத்தில். அதை வளரவிடக் கூடாது. ஜெரெல், உன் கழுத்தை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு, யாருக்காகவும் இல்லை, உனக்காகக் காட்டு என்றேன். இரும்புச் சத்தம் தொடர்ந்து கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கு நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்க, சார். நான் கைய உதறிட்டுத் திரும்பினேன். நீங்க என்னப் பாத்துத் தலையாட்டினீங்க. சரி, இவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன்."

நல்ல மோதல், பையா என்பதற்காகத்தான் நான் தலையாட்டினேன். அவனோ அதை வாக்காக எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் வைத்திருந்திருக்கிறான்.

"நான் சொல்லல," என்றேன்.

"அப்புறம் யாரு காட்டினது?"

சட்டைப் பையில் அவன் அட்டை இருந்தது. சீட்பெல்ட் அதை நெஞ்சில் அழுத்தியது. கெசிங்கர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அப்படிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான்," என்றேன். "நான்தான் வீடியோவப் போடச் சொன்னேன்."

சரி சார் என்றான். அவனை மரியாதை தெரிந்தவனாக வளர்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போனை வைத்தான்.