ஆறாவது மரியாள்

பெயரகராதியில் கடைசிப் பக்கம் மட்டும் அச்சேற வேண்டியிருந்த நாளில், அச்சகத்தின் மெய்ப்பு அறைக்கு ஆறு மரியாள்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேதாகமத்தில் வருகிற அத்தனை பேருக்குமான அகராதி அது. மெய்ப்பு பார்க்கும் பெண் பதினொரு வருஷத்தில் ஓர் ஒற்றுப்பிழையைக்கூடத் தப்பவிட்டதில்லை. இந்த முறை இடம் போதவில்லை என்று ரோமாபுரி மரியாளை, மாற்குவின் அம்மா மரியாளோடு ஒரே பதிவாகச் சேர்த்துவிட்டாள். யார் கண்ணிலும் படாது என்று நினைத்தாள், பட்டுவிட்டது.

ரோமாபுரிக்காரிக்கு அதற்குள் பாதத்திலிருந்து முழங்கால் வரை மறைந்துபோயிருந்தது. அப்படியும் சும்மா இருக்காமல் அச்சான தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள். வேதத்தில் அவளைப் பற்றி இருப்பதே ஒரு வரி, மிகவும் உழைத்தவள் என்று.

"பேசாம என்னோடயே இருந்துக்கோயேன், என் வீடு பெரிசுதான்" என்றாள் மாற்குவின் அம்மா.

"ஒண்டிக்கிட்டு இருக்க நான் வரலக்கா. எனக்கு இருக்கறதே ஒரு வரி. அதுவும் போனா நான் எங்க போவேன்?"

மகதலேனா மரியாள் சிரித்தாள். "என்னை யார் யாரோடயோ சேர்த்து எத்தனை நூறு வருஷம் ஆச்சு தெரியுமா? நீ விட்டுடாதே, தங்கச்சி."

மதியத்துக்குள் இடுப்பு வரை போய்விட்டது. மெய்ப்பு பார்ப்பவள் முதலாளியிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டாள். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, ஆறு பேருக்கும் டீ சொல்லிவிட்டுக் கையை விரித்தார். "மறுபடி அடிக்கப் பேப்பர் இல்லம்மா. பாக்கி கடைசிப் பக்கம்தான். அதுலயும் ஒரு வரிக்குக்கூட இடமில்ல."

அந்தப் பக்கத்தின் அடியில், மெய்ப்பு பார்த்தவர் என்று அவளுடைய பெயர் இருந்தது. பதினொரு வருஷமாக நச்சரித்து இந்தப் புத்தகத்தில்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். மனசு வலிக்கத்தான் செய்தது. சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினாள்: மரியாள், ரோமாபுரி. மிகவும் உழைத்தவள். தனி ஆள்.

நாலு மணிக்கு அந்தப் பக்கம் அச்சேறியது. ரோமாபுரிக்காரி எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்ததால் கொஞ்சம் நொண்டிக்கொண்டே போய், மடித்த தாள்களை அடுக்கி வைத்தாள். பிறகு மெய்ப்பு பார்ப்பவள் கிட்ட வந்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அவள் சொன்னாள்.

ஆறு மரியாள்களும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே கடைத்தெரு வழியாக நடந்து போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், நல்ல பெயராக இருக்கிறதே என்றார்.