குறி அழிந்த பொலி

பொழுது சாய்கிற நேரத்தில், மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று சட்டென்று நின்றுபோனது. களத்தின் ஓரத்தில் சிதறிக் கிடந்த நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த சாமித்தம்பி நிமிர்ந்து மேற்கே பார்த்தான். மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

சூடடித்துத் தூற்றிய நெல் களத்தின் நடுவில் குவிந்து கிடந்தது. களத்தில் நிற்கும்போது அதைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். பொலியைச் சுற்றி மரமுத்திரையால் சாம்பல் குறி குத்தியிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரரான நல்லரத்தினம் போடியார் தன் கையாலேயே குத்திவிட்டு, மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத் திருவிழா முடித்து வந்து அளப்போம் என்று போயிருந்தார். அவருடைய வயலைச் செய்து கொடுக்கும் முல்லைக்காரன் சாமித்தம்பிக்கு அந்தப் பொலியில்தான் பங்கு. அதை அளந்து எடுத்தால் அடுத்த வேளாண்மை வரைக்கும் வீட்டில் உலை கொதிக்கும். அதுவரை குறியில் ஒரு விரல் பட்டாலும் காவலிருந்தவன் கள்ளன். அதற்குக் கேள்வியும் கிடையாது, விசாரணையும் கிடையாது.

வயல்வெளியான அந்த வட்டையில் ஆள் நடமாட்டமே இல்லை. எல்லாரும் மண்டூருக்குப் போய்விட்டார்கள். அவன் பெண்சாதி கண்ணகையும் பிள்ளைகளும் அயலாரோடு தோணியேறியிருந்தார்கள். நீங்களும் வந்தால் என்ன என்று அவள் கேட்கத்தான் செய்தாள். காவலை விட்டு எப்படிப் போவது? அவர்கள் போன பிறகு அவன் வாய் திறந்து பேசியது போடியாரின் எருமைகளோடு மட்டும்தான். அவையும் கேட்டுக்கொண்டு அசைபோட்டதோடு சரி.

முதல் இடி தலைக்கு மேலேயே வெடித்தது. அடுத்த மூச்சில் மழை கொட்டியது. சாமித்தம்பி ஓடி ஓடி வைக்கோலை அள்ளிப் பொலியின் மேல் போட்டான். போதவில்லை. தான் படுக்கிற வாடியின் கூரைக் கிடுகுகளைப் பிய்த்துக் கொண்டுவந்து மூடினான். மேலிருந்து விழுகிற தண்ணீரை ஒருவாறு சமாளித்தாயிற்று. கீழே வருகிற தண்ணீரைத்தான் அவன் நினைக்கவில்லை. மேல் வயல்கள் நிரம்பி, வரம்பு மேவி, வெள்ளம் களத்துக்குள் புரண்டு வந்தது. தண்ணீர் வடிய மண்வெட்டியால் கான் வெட்டினான். வெட்ட வெட்ட அது நிறைந்தது. பொலியின் அடி நெல் கரைந்து வழுகத் தொடங்கியது.

சுற்றிவர அடியிலிருந்து வாரி உச்சியில் போட்டால் நெல் தப்பும். வாரினால் குறி போய்விடும். சாமித்தம்பி கணுக்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டுப் பார்த்தான். தெற்கே பார்த்துக் கூப்பிட்டான், வடக்கே பார்த்துக் கூப்பிட்டான். உதவிக்குக்கூட இல்லை, பார்ப்பதற்கு ஒரு ஆள் வந்தால் போதும். முகம் கொடுத்துப் பேசாத பகையாளி வந்திருந்தாலும் காலில் விழுந்திருப்பான். மழைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கடைசியில் கிடுகைத் தூக்கிவிட்டு, முருகனை நினைத்துக்கொண்டு, குறிக்குள் கையை விட்டான்.

கோடை மழை வந்த வேகத்திலேயே போய்விட்டது. வெள்ளமும் விடியுமுன் வடிந்தது. பொலி தப்பியது. கைக்கு எட்டாமல் போன ஓரத்து நெல் மட்டும் சேற்றில் புதைந்துகொண்டது. பிறகு வெயில் ஒன்றுமே நடக்காததுபோல் காய்ந்தது.

சில நாள் கழித்துப் போடியார் வண்டிக்காரன் மஜீட்டின் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தபோது, அரசாங்கக் கச்சேரிக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கோட்டோடு இருந்தார். பொலியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அது ஒடுங்கி உயர்ந்து நின்றது.

"குறி எங்கடா?"

"மழ, போடியார். வெள்ளம் களத்துக்குள்ள வந்திட்டு. நான்தான் வாரிக் குவிச்சன்."

"மண்டூரில ஒரு துளி இல்ல. தோணித் துறையில ஒரு துளி இல்ல. உனக்கு மட்டும் பேஞ்சதோ?"

"சேறு கிடக்குத்தானே, பாருங்க."

"வாய்க்கால வெட்டிவிட்டாச் சேறு தன்னால வரும். பொலியில களவெடுத்துப்போட்டு, அத மறைக்க வாய்க்கால வெட்ட உனக்குத் தெரியாதோ?"

யார் பார்த்தது என்று கேட்டார். சாமித்தம்பி மஜீட்டைப் பார்த்தான். மஜீட் எருதின் கழுத்தைச் சொறிந்துகொண்டு வேறெங்கோ பார்த்தான். அவன் பிழைப்பும் போடியாரின் வண்டிக் கூலிதான்.

அளந்தார்கள். போடியார் கண்ணால் மதித்து வைத்திருந்ததற்குக் குறைந்தது. குறைந்ததை முல்லைக்காரன் பங்கில் கழித்தார். கழித்த பிறகு பங்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. சேற்றில் கிடப்பதை அவன் பொறுக்கிக்கொள்ளலாம், அடுத்த போகத்துக்கு வேறு ஆள் பார்த்தாயிற்று என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். ஊர் கூடி நின்று அடித்திருந்தாலும் சாமித்தம்பிக்கு அவ்வளவு வலித்திராது. அடிப்பதற்காவது பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டது. சாமித்தம்பி சுளகை எடுத்துக்கொண்டு சேற்றில் குந்தினான். நெல்லில் வெள்ளை முளை விட்டிருந்தது.

வண்டிப்பாதை அந்த வட்டையிலேயே மேடான இடம். வாய்க்கால் எத்தனை தரம் உடைந்தாலும் அங்கே தண்ணீர் ஏறியது கிடையாது. மாரி வெள்ளத்தில் மாடுகளைக் கட்டி வைப்பதே அங்கேதான். வரும்போது வெறும் வண்டி, மேலே காய்ந்திருந்த பொருக்கில் உருண்டு வந்துவிட்டது. இப்போது பாரத்தோடு கொஞ்சத் தூரம் போவதற்குள் பொருக்கு உடைந்து, வலது சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கியது.

மஜீட் குதித்து இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு போடியாரைப் பார்த்தான்.

"வாய்க்கால் தண்ணி இஞ்ச ஏறாதே, போடியார்."

மூட்டைகளுக்கு மேலிருந்த போடியாரும் குனிந்து அந்தச் சேற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வானத்தையும் பார்த்தார். பிறகு கோட்டின் நுனியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு களத்துப் பக்கம் திரும்பினார்.

"சாமித்தம்பி, வந்து தோள் குடு."

சாமித்தம்பி சுளகைக் கீழே வைத்துவிட்டுப் போனான். சக்கரத்துக்குத் தோளைக் கொடுத்தான்.

"பாத்துத் தள்ளு. பொலி சிந்தப் போகுது."

சக்கரம் வாரியடித்த சேறு முகத்தில் ஒழுக, அவன் தம் பிடித்துத் தள்ளினான்.