தேங்காய்ச் சீர்

கண்ணாத்தாளின் தலைப்பொங்கலுக்கு அவள் அப்பா மணமேல்குடியிலிருந்து அரிசி, பானையோடு ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடும் கொண்டு வந்தார். அவள் மாமனார் சிவசாமி கடற்கரையில் அது அடிமாட்டு விலை என்று கருவாட்டு வியாபாரிகளிடம் கேட்டு வைத்திருந்த மனுஷர். சொந்தபந்தம் கூடியிருந்த வாசலில் மூட்டையைக் காலால் தள்ளினார்.

"அங்கிட்டு மணல்ல கெடக்குறத வாரிக் கட்டிக்கிட்டு வந்து சீருங்கிறீங்களே."

அப்பா கை நனைக்காமல் திரும்பிப் போனார். சாகும்வரை அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அதே மூட்டையைச் சிவசாமி மறுவாரமே கந்தர்வக்கோட்டைச் சந்தையில் உள்ளூர் விலைக்கு விற்று, காசை மடியில் முடிந்துகொண்டார். வெட்கம் கெட்ட ஜென்மம். கண்ணாத்தாளின் புருஷன் மலாயாவில் இருந்தான். சண்டை போட ஆளில்லாமல், அவள் கோபத்தைச் சாம்பலுக்குள் கங்கு மாதிரி மூடி வைத்திருந்தாள்.

காலம் அவளுக்கென்றே வந்தது. சிவசாமி தன் ஒரே மகள் அமிர்தவல்லியை மணமேல்குடிப் பக்கமே கட்டிக்கொடுத்தார். கல்யாணம் நடந்தது உள்ளூரில். தரகர் சொன்னதைக் கேட்டதோடு சரி, அறந்தாங்கிக்குக் கிழக்கே அவர் கால் வைத்ததில்லை. மகளுக்குத் தலைப்பொங்கல் வந்தது. அந்த வருஷம் மழை பொய்த்து, கந்தர்வக்கோட்டையில் ஒரு தேங்காய் ஆறணா. ஆறணாக் காயை மலையாகக் குவித்தால் சம்பந்தி வாயடைத்துப் போவார் என்று சிவசாமி கணக்குப் போட்டார். அந்தப் பக்கத்துக்காரி என்று மருமகளிடமும் யோசனை கேட்டார். அவளோ தென்னந்தோப்புக்குள் பிறந்தவள். அங்கே ஓரணாவுக்கு இரண்டு காய். உண்மை அவள் தொண்டை வரை வந்து நின்றது என்று சொன்னால் அது பொய்.

"நெறயாக் கொண்டு போங்க மாமா. கண்ணுல படணும்."

கறவை மாட்டை விற்றுக் காய் வாங்கினார். மாமியார் இல்லாத வீடு என்பதால் சீர்த்தட்டு ஏந்தக் கண்ணாத்தாளே கூடப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கினால், சம்பந்தி வீட்டைச் சுற்றித் தென்னை. வாசலில் வெட்டிப் போட்ட காய்கள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவராகச் சிவசாமி நின்றார்.

சம்பந்தியம்மா இருளாயி சிரிக்கக்கூட இல்லை. "அதையும் நம்ம குவியல்லயே கொட்டச் சொல்லுங்க. வெட்டுக்கூலி மிச்சம்," என்றாள். கூட்டம் சிரித்தது. எங்கள் ஊரில் காய் ஆறணா என்று சிவசாமி கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது.

கண்ணாத்தாளுக்கு வயிறு குளிர்ந்தது. நன்றாகப் பாருங்கள் அப்பா என்று மனசுக்குள் சொன்னாள்.

தட்டை வாங்க அமிர்தவல்லி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"தோப்புக்குள்ள பொறந்தவ நீங்க. ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும் மதினி?"

"தெரியும்," என்றாள் கண்ணாத்தாள்.

அமிர்தவல்லி தட்டைத் தொடவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து இருளாயியின் குரல் கேட்டது.

"ஏ தேங்காக்காரி, ஒலை கொதிக்குது, வந்து பாரு."

அமிர்தவல்லி திரும்பி உள்ளே போனாள்.