கழுதைக்கு மூன்றாவது அடி

அத்தான் வெளிநாடு போவது பிரசங்கம் பண்ணத்தான் என்று சபையில் அறிவித்தார்கள். அறிவித்தவரும் அத்தான்தான், சபைச் செயலாளர் என்ற முறையில். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஜெபிக்க எழுந்தால் அனுபவசாலிகள் முழங்கால் போடமாட்டார்கள், நாற்காலி தேடுவார்கள்.

அங்கே குடியேறிய நம்மவர்கள் கோடை முழுவதும் சிறுவர் முகாம் நடத்துகிறார்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 'உதவி' என்ற சொல் அத்தான் கண்ணில் படவில்லை. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க அக்கா போனாள். பெட்டி தூக்க நான். பெட்டியில் முக்கால்வாசி பிரசங்கக் குறிப்பு.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைகளில் மெத்தைகள், தாழ்வாரத்தில் ஈரத் துண்டுகள், கால் வைத்த இடமெல்லாம் ஒற்றைச் செருப்பு. நடத்தியவர் ஒரு நர்ஸ். வார்டுகளை மேய்த்த பழக்கத்தில் எங்களையும் மேய்த்தார்.

முதல் நாள் அத்தான் ஆதாமில் தொடங்கினார். நோவா பேழைக்கு மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு மணி அடித்தது. முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வாலு என்று எல்லாரும் கூப்பிடும் பொடியன். எதிரே வருகிற யாரையும் ஒரு தட்டு தட்டாமல் கடக்கமாட்டான்.

"அங்கிள், மழை எப்ப வரும்?"

"வரும் தம்பி, பொறு."

"சாப்ட்டுட்டு வந்தா வந்திருக்குமா?"

மறுநாள் காலை நர்ஸ் அத்தானைத் தனியாக அழைத்தார். "அங்கிள், பேசறதுக்கு இங்க ஆள் இருக்கு. நிறைவு நாள் நாடகத்துக்குத்தான் ஆள் குறையுது."

அத்தான் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "தீர்க்கதரிசி வேஷமா?"

"அது வாலு பண்றான். நீங்க கழுதை."

பிலேயாம் தீர்க்கதரிசியின் கழுதை. வழியில் நிற்கும் தேவதூதன் அதன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான்; அது ஒதுங்குகிறது; அவர் அடிக்கிறார். மூன்றாவது அடிக்குப் பிறகு கழுதை வாய் திறந்து நியாயம் கேட்கிறது. கழுதை உடுப்புக்குள் இரண்டு பேர் குனிந்து நடக்க வேண்டும்.

அறைக்கு வந்ததும் அத்தான் பெட்டியை இழுத்தார். "கிளம்பு. சர்வீஸ் பூரா ஹெட்மாஸ்டரா இருந்தவனைக் கழுதைங்கறா!"

அக்கா சின்னச் சின்னப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க. என் பிள்ளைங்களுக்கு இன்னும் தலை வாரல."

"உன் பிள்ளைங்களா?"

"கோடை முடியற வரைக்கும் என் பிள்ளைங்கதான்."

அக்கா அவரைத் தனியே போகச் சொன்னது கல்யாணமானதிலிருந்து அதுவே முதல் தடவை. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பது அத்தானுக்குத் தெரியாது. பெட்டி கட்டிலுக்கடியில் திரும்பிப் போனது.

ஒரே நிபந்தனை வைத்தார்: உள்ளே இருப்பது யார் என்று வெளியே தெரியக் கூடாது. நிகழ்ச்சி நேரலையில் போகிறது. எங்கள் சபையே திரை கட்டிப் பார்க்கப்போகிறது. தொண்டை கட்டிக்கொண்டதால் செயலாளரின் சிறப்புச் செய்தி இல்லை என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. கழுதையின் வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் பேசுவார். முன்பாதி அத்தான். பின்பாதி, சொல்லவே வேண்டாம், நான்.

நிறைவு நாள் அரங்கு நிறையப் பெற்றோர். நாங்கள் ஆடி அசைந்து நுழைந்தோம். முதல் அடி விழுந்தது, கைதட்டல். இரண்டாவது அடி விழுந்தபோது அத்தானின் இடுப்பு பிடித்துக்கொண்டது. "யம்மா!" என்று ஒரு முனகல்.

வாலு தடியைக் கீழே போட்டான்.

"அங்கிள், வலிக்குதா?" அவன் சட்டையில் மைக் குத்தியிருந்தது. "நான் அடிக்க மாட்டேன்." உதடு பிதுங்கியது.

"அடிடா, அது கழுதைடா" என்று யாரோ சொன்னார்கள். "இல்ல, அது அங்கிள்" என்றான். பார்க்கிறவரையெல்லாம் தட்டிய கை பின்னால் ஒளிந்துகொண்டது. மூன்றாவது அடி இல்லாமல் கழுதை பேச முடியாது; நர்ஸ் மைக்கோடு விழித்தார். பையன் அழ ஆரம்பித்தான். அரங்கு சங்கடத்தில் நெளிந்தது.

அத்தானின் முதுகு என் முகத்துக்கு நேரே இருந்தது. அது ஒரு பெரிய மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். அந்தக் குரலை எங்கள் சபையில் தெரியாதவர் கிடையாது. வாய் திறந்தால் போச்சு.

திறந்தார்.

"வலிக்கலடா கண்ணு. இடுப்புதான் பிடிச்சுக்கிச்சு. இப்ப நான் அங்கிள் இல்ல, ஹெட்மாஸ்டர் இல்ல. சுத்தமான கழுதை. தைரியமா அடி."

வாலு மூக்கைத் துடைத்துக்கொண்டு தடியை எடுத்தான். பூவைத் தொடுகிற மாதிரி ஒரு தட்டு. உடனே கழுதை பேசியது. நர்ஸை முந்திக்கொண்டு, தன் சொந்தக் குரலில், இரண்டே வரியில். அத்தான் இரண்டு வரியோடு நிறுத்தியதை நான் அன்றுதான் கேட்டேன். வாலு சிரித்துவிட்டான். அரங்கு எழுந்து நின்றது. அழுகிற பிள்ளையைச் சிரிக்கவைத்த மிருகத்துக்குப் பின்னங்கால்களாக இருந்ததில், குனிந்தபடியே, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

உடுப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. ஊரிலிருந்து சபைப் பொருளாளர். அத்தான் எப்போது சறுக்குவார் என்று காத்திருப்பவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸ்தோத்திரம் சார். அந்தக் கழுதைக் குரல் எங்கயோ கேட்ட மாதிரி..."

"நான்தான்யா கழுதை," என்றார் அத்தான், பிரசங்க பீடத்துக் குரலில். "முன்பாதி. பின்னாடி என் மச்சினன்."

அந்தப் பக்கம் பொருளாளர் இருமினார்.

"வேற ஒண்ணுமில்லையே? வைக்கறேன். சவாரிக்குப் பிள்ளைங்க வரிசையா நிக்குது. டேய் மாப்ளே, குனி!"