முளை ஒடித்த கிழங்கு

என் கணவர் வேறொருத்தியுடன் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நகராட்சிக் கடிதம் வந்த அன்றுதான் அவருடைய அறையைத் திறந்தேன்.

ஜன்னலோரம், முட்டை அட்டைகளில், விதைக்கான உருளைக்கிழங்குகள் அவர் அடுக்கியபடியே இருந்தன. சீக்கிரம் விளையும் முந்து ரகம். பனி விலகியதும் நட்டிருக்க வேண்டும். இப்போது கோடையில் பாதி போய்விட்டது. தோல் சுருங்கி, முளைகள் விரல் நீளம் வளர்ந்திருந்தன.

கடிதத்தில் மூன்று வரி. அவர் பேரில் உள்ள குத்தகை நிலம் தரிசாகக் கிடக்கிறது. இன்றிலிருந்து இருபத்து நான்காம் நாள் பார்வையிட வருவோம். பயிர் இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்.

"போகட்டும்" என்றேன்.

மாமியார் கடிதத்தைப் பிடுங்கினார். "போனவன் ஒருத்தன் போதும்." அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "மகனே இல்லாத வீட்ல மாமியாருக்கு என்ன வேலைன்னு கேக்குறாங்க. அந்த மண்ணுலயாவது எனக்கு ஒரு வேலை இருக்கட்டும். இல்லேன்னா அவன்கிட்டத்தான் போகணும்."

போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. தட்டுகளைக் கழுவினேன்.

மறுநாள் சலவைக்கூடத்தில் பகல் முழுக்க மருத்துவமனை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தேன். கிழங்குகள் கூடையில் இருந்தன. கழுவித் துடைத்து, ஒரு முளைகூட இல்லாமல்.

"முளைச்ச கிழங்கு வயித்துக்கு ஆகாது. எல்லாத்தையும் ஒடிச்சுட்டேன்."

"அத்தை, நடறதே அந்த முளைக்காகத்தான்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "திரும்ப வராதா?"

"வரும். நாளாகும்."

வேறு விதை வாங்கலாம் என்று தோன்றவில்லை. இருந்ததை நட்டேன். சூட்டில் வெட்டிய கிழங்கு அழுகும் என்பதால் முழுசாகவே, கையகல ஆழத்தில், நான்கு வரிசை. பக்கத்து நிலத்துப் பஸ் டிரைவர் வேலிமேல் சாய்ந்து பார்த்தார்.

"என்னம்மா, கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "உங்க கீரையைப் பூச்சி திங்கிறது இங்கிருந்தே தெரியுது."

தினமும் அத்தையே போய்த் தண்ணீர் ஊற்றினார். நான் வேலை முடிந்து வரும்போது "இன்னும் இல்ல" என்பார். நான் கேட்டதில்லை.

இருபத்து நான்காம் நாளும் மண்தான் இருந்தது.

நகராட்சி ஆள் அளவுகோலுடன் வந்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா."

"உள்ள இருக்கு" என்றேன்.

"உள்ள புதையல்கூட இருக்கலாம். எனக்குப் பயிர் தெரியணும்."

பேனாவைத் திறந்தார். அத்தை மண்டியிட்டு, வெறுங்கையால் வரிசையின் முனையைத் தோண்டினார். முதல் கிழங்கு விரலில் கூழாக வழிந்தது. நாற்றம். அதைத் தூர எறிந்துவிட்டு அடுத்ததைத் தோண்டினார். மண்ணோடு இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். தடித்த வெள்ளை முளை, நுனியில் ஊதா. அடியில் தலைமுடி மாதிரி வேர்.

"இது பயிர் இல்லாம பின்ன என்ன சார்?"

நகராட்சி ஆள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பனி வர்றதுக்குள்ள கிழங்கு வைக்குமா?"

"தெரியாது" என்றேன்.

"சரி. குத்தகைக்காரர் எங்க?"

"போயிட்டார்."

அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல்தடவை. ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் அந்தப் பக்கம் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ யார் பேருல எழுதட்டும்?"

அத்தை என்னைக் கைகாட்டினார்.

"ரெண்டு பேர் பேரும் எழுதுங்க" என்றேன்.

"ஒரு பேருக்குத்தாம்மா இடம் விட்டிருக்கு."

"நுணுக்கி எழுதுங்க" என்றார் அத்தை. அவர் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. கிழங்கை வாங்கிக் குழியில் வைத்தேன். முளை மேலே பார்க்க வேண்டும். சரிபார்த்துவிட்டு மண்ணைத் தள்ளினேன்.