ஆறு தாள்களில் வந்தவள்

மேற்கு மலைமுகடுகளை மழைமுகில் போர்த்திக்கொள்ள, அவற்றின் மடியில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் இமையா விழிபோல் விரிந்து கிடக்க, இரப்பர் மரச் செறிவினுள் நண்பகலிலேயே இருள் வந்து குடியேறிய ஓர் ஐப்பசிச் சனிக்கிழமையில், அருமனையை அடுத்த சிற்றூர் நூலகக் கூடத்தில் ஆறு குழந்தைகள் கண்மூடி அமர்ந்திருந்தனர்.

அவர்களைக் கதை எழுதப் பழக்கியவள் ரெஜிலா, முப்பத்திரண்டு அகவையினள். "கண்ணை மூடிக் காத்திருங்க மக்கா. உள்ளுக்குள்ள ஒரு ஆளு வரும். பேரைக் கேளுங்க, சொல்லுகத அப்படியே எழுதுங்க" என்பதே அவள் வகுத்த வழி. அவ்வழியே அரசரும் யானையும் பேசும் மீனும் வந்து முன்னைய தாள்களை நிறைத்ததுண்டு.

அன்றோ, தாள்களைத் தொகுத்துப் படிக்கப் புகுந்தவள் மூன்றாம் தாளில் நிறுத்தி, முதல் தாளுக்கே திரும்பினாள். ஒருவர் எழுதியதை மற்றவர் பாராது எழுதிய ஆறு கதைகளிலும் ஒருத்தியே வந்திருந்தாள், நீர் சொட்டும் கூந்தலும் பச்சைப் பாவாடையும் ஒற்றைக் கொலுசும் உடைய சிறுமி, பெயர் அஜிதா. அறிவுசால் அன்பரே, இக்குழந்தைகள் பிறவாத காலத்தே, இருபது ஆண்டுகளுக்கு முன் அந்நீர்த்தேக்கத்தில் மூழ்கி மாண்ட ரெஜிலாவின் தங்கைக்கும் அதுவே பெயர். கரைசேர்த்த உடலில் எஞ்சியிருந்ததும் ஒற்றைக் கொலுசே.

"யாருட்ட கேட்டு எழுதினிய?" என்றாள் ரெஜிலா.

"யாருட்டயும் கேக்கல்லக்கா," என்றாள் அவர்களுள் இளையவளான அபிதா. "நீங்க சொன்ன மாதிரி கண்ணை மூடினோம். அவ வந்தா. கடைசி வரிய மட்டும் நான் எழுதல்ல. எழுதட்டா?"

"என்ன வரி?"

"'அக்காக்க கை வழுக்கல்ல. அக்கா பயந்து விட்டுட்டா.'"

கை வழுக்கிற்று என்றே ஊருக்கும் தாய்க்கும் ரெஜிலா உரைத்திருந்தாள். நீரில் தன்னைப் பற்றிய தங்கையின் விரல்களைத் தானே பிரித்ததை எவரும் அறியார். அத்தாளைக் கிழித்தெறிய அவள் கை எழுந்தது. கிழித்தால் இச்சிறுமி இனி மெய்யான வரியொன்றை எழுத என்றும் அஞ்சுவாள் என உணர்ந்து, எழுந்த கையைத் தாழ்த்தி, "எழுது மக்கா" என்றாள்.

அம்மாலையே அத்தாளைத் தாய் ராகேலின் கையில் கொடுத்து, தலைகவிழ்ந்து நின்றாள். ராகேல் படித்து முடித்தாள், வியக்கவில்லை.

"எனக்குத் தெரியும் ஏட்டி. அடக்கம் பண்ணின அண்ணைக்கே அவ வந்து எங்கிட்ட சொல்லிட்டா. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நீயும் அப்போ சின்னப் பிள்ளைதானே."

இருபது ஆண்டுகள் அடைபட்டிருந்த அழுகை அவ்வீட்டில் அன்று உடைந்து பெருகியது. பிஞ்சுக் கைகளில் எழுதுகோலைக் கொடுப்போர், அவை எழுதும் மெய்யைத் தாங்கவும் துணிய வேண்டும். பிந்தியேனும் ரெஜிலா துணிந்தாள்.